புதுப்பிப்பு: நரம்புப் பாடமும் சித்தப்பாவின்ர காலும்

உயர்தர உயிரியலில சுற்றயல் நரம்புத்தொகுதியும் (மூளைக்கும் முண்ணாணுக்கும் வெளியில ஓடுற நரம்புகள்) புலனங்கங்களும் மனசில நிக்கேல்ல, என்ன செய்யலாம் எண்டு முந்திக் கேட்டிருந்தன். பட்டியலாப் பாடமாக்காதை, ஒவ்வொரு நரம்பையும் உன்ர உடம்பிலயே தேடிப் பார் எண்டு கனபேர் சொன்னீங்கள். நல்லா வேலை செய்யுது.

முள்ளந்தண்டுக்குள்ள இருக்கிற முண்ணாணில இருந்து வாற 31 சோடி நரம்பு பிரச்சினையில்லை. மேலயிருந்து கீழ கழுத்தில 8, நெஞ்சில 12, இடுப்பில 5, திருவெலும்பில 5, வாலடியில 1 எண்டு எண்ணினால் சரி. 12 சோடி மண்டையோட்டு நரம்புதான் பிடிபட்டது சாப்பாட்டில. நாக்கின்ர முன் மூன்றில் இரண்டு பங்கின் சுவையை 7ஆவது காவுது, பின்பக்கத்தை 9ஆவது. பச்சைமிளகாய் உறைப்பு சுவையே இல்லையாம்! சூட்டை உணருற அதே வாங்கியைத்தான் (தூண்டலைப் பிடிக்கிற உறுப்பு) அது தூண்டுது. முன்நாக்கில அந்த எரிவைக் கொண்டுபோறது 5ஆவது. வெங்காயம் வெட்டேக்க கண் எரியிறதை உணர்த்துறதும் அந்த 5ஆவதுதான்.

போரில ஒரு காலை முழங்காலுக்குக் கீழ இழந்த சித்தப்பா, "இல்லாத பெருவிரல் ஏன்டா கடிக்குது?" எண்டு கேட்டார். வன்னியில இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதில்லை. சுற்றயல் நரம்பு வெட்டுப்பட்டால் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வளரப் பாக்கும். போய்ச்சேர இடமில்லாட்டி முனையில முடிச்சாத் திரண்டு, தானாவே கணத்தாக்கம் (நரம்பில ஓடுற மின் சைகை) அனுப்பும். மூளையிலயோ பாதத்துக்குரிய இடம் இன்னும் அப்பிடியே கிடக்கு. "அப்ப எனக்கு விசரில்லை" எண்டார்.

இப்ப உட்காதில நிக்கிறன். கேக்கிறதுக்கான நத்தைச்சுருள் விளங்குது, சமநிலைக்கான மூண்டு அரைவட்டக் கால்வாயிலும் எது எந்தத் தலையசைவுக்கு எண்டதுதான் குழப்பம். கிளிநொச்சிப் பக்கம் ஆரிட்டயாவது காது மாதிரியுரு இருந்தால் சொல்லுங்கோ, வந்து பாக்கிறன்.