சேர்க்கைப் பதிவேட்டில் சிவப்பு மை: நம் போர்டு ஹைஸ்கூல் அனுபவங்கள்

பாலாற்றங்கரை

போன மாதம் அப்பாவுக்குப் பிறந்த தேதிச் சான்று வாங்க, அவர் படித்த அரசுப் பள்ளிக்குப் போனேன். எண்பது வயது முடிந்தால் ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும். அவருடைய ஓய்வூதியப் புத்தகத்தில் தேதி தப்பாக ஏறியிருக்கிறது. அதற்குத்தான் போனது.

தலைமையாசிரியர் பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வைத்தார். அட்டையில் ‘வடஆற்காடு ஜில்லா போர்டு ஹைஸ்கூல்’ முத்திரை. வெளியே பெயர்ப்பலகையில் ராணிப்பேட்டை மாவட்டம் என்று இருக்கிறது. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்து நாம் வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனோம், 1996-ல் வேலூர் ஆனோம், 2019-ல் மூன்றாகப் பிரிந்தோம். பள்ளி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

அப்பா பெயரைக் கண்டுபிடித்தோம். 1955-ல் முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு, சேர்க்கை. கடைசிக் கட்டத்தில், ‘நீங்கிய காரணம்’ என்ற இடத்தில், ‘ஜனவரி 1959, சம்பளம் கட்டாததால் பெயர் நீக்கம்’ என்று இருந்தது. பெயர் மேல் ஒரு கோடு. பள்ளிக் கட்டணத்தை அப்போது சம்பளம் என்றுதான் சொல்வார்கள். அதற்குக் கீழே, வேறு கையெழுத்தில், சிவப்பு மையில்: ‘ஜூன் 1961, நான்காம் பாரம், மறுசேர்க்கை, இலவசம்.’

இரண்டரை வருஷம். எங்களிடம் அப்பா சொன்னதெல்லாம் வேறு. ‘படிப்பு ஏறல, கொஞ்ச நாள் வேலூர் மண்டித் தெருவுல மூட்டை எண்ணினேன், அப்புறம் புத்தி வந்து திரும்பிப் போனேன்’ என்பார். அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைப் படிக்க வைத்தார். அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

கிளம்பும்போது தலைமையாசிரியர், “ஆண்டு மலருக்குப் பள்ளியோட வரலாறும் நோக்கமும்னு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க சார்” என்றார். ஒரு வாரமாக முதல் வரியே வரவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன். உங்கள் ஊர் ஹைஸ்கூலில் உங்களை விட்டுப் போகாத ஒரு சம்பவம் இருந்தால் எழுதுங்கள்.

குடியாத்தம் தறிவீடு

அண்ணா, இலவசம் என்ற அந்தச் சிவப்பு எழுத்துக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. 1954-ல் முதலமைச்சர் ஆனபோது காமராசர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்துத்தான் உள்ளே போனார். எங்கள் ஆயா அந்த ஓட்டுப் போட்டவர், சாகும்வரை அதைச் சொல்வார்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் கிராமத்துப் பள்ளி எட்டாவதோடு முடிந்துவிடும். ஒன்பதாவதுக்கு ஆறு கிலோமீட்டர் போக வேண்டும். காலையில் ஒரு பஸ், அதுவும் சில நாள் நிற்காது. 2010-ல் எட்டாவது முடித்தேன், வீட்டில் பீடி சுற்ற உட்கார்ந்தேன். யாரும் அடித்து நிறுத்தவில்லை, தானாக நின்றுபோனது.

அடுத்த வருஷமே பள்ளி தரம் உயர்ந்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்க வேண்டும் என்று 2009-ல் மத்திய அரசு திட்டம் போட்டதே, அதில் வந்தது. கட்டடம் இல்லை. வேப்பமரத்தடியில் ஒன்பதாவது வகுப்பு. என் தங்கை அதில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு நான் மண்டியில் இலை வாங்கிக்கொண்டு பள்ளி கேட் வழியாக வந்தேன். இடுப்பில் முறம், அதில் ஈரத்துணி சுற்றிய இலைக்கட்டு. டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு கேட் வரைக்கும் வந்தார். “ஒரு வருஷந்தானே ஆச்சு, வாம்மா, நான் எழுதிக்கிறேன்” என்றார். மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள். “வேணாம் டீச்சர்” என்று சொல்லிவிட்டு நடந்தேன். முறத்தைக் கீழே வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை.

பிறகு தனித்தேர்வராகப் பத்தாவது எழுதிப் பாஸ் செய்தேன். தங்கை நர்சிங் முடித்து வேலையில் இருக்கிறாள். உங்கள் மலரில் ‘தரம் உயர்ந்த ஆண்டு’ என்று எழுதும்போது, அதற்கு முந்தின ஆண்டு எட்டாவது முடித்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் பதிவேட்டைப் பார்த்து எழுதுங்கள்.

கணக்கு வாத்தியார் (ஓய்வு)

பட்டதாரி ஆசிரியராக 31 வருஷம் இந்த மாவட்டத்தில் வேலை பார்த்தவன். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன்.

ஒன்பதாவது முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு கூட்டம் நடக்கும். அடுத்த வருஷம் பத்தாவதில் யார் தேற மாட்டார்கள் என்று ஒரு பட்டியல். அந்த வருஷம் ஏழு பேர். பெற்றோரைக் கூப்பிட்டு, “டி.சி. வாங்கிக்கிட்டு வேற ஏதாவது தொழில் கத்துக்கச் சொல்லுங்க” என்று பதமாகச் சொல்லி அனுப்புவது வழக்கம். பட்டியலில் நான்கு பேர் என் பாடத்தில்தான் விழுந்தவர்கள். நான் வாய் திறக்கவில்லை.

ஒரு பையனின் அப்பா கல் உடைக்கிறவர். கையில் சிமெண்ட் பை துணியில் தைத்த பை. அதை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். எல்லாம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, “கவர்மெண்ட்டு இஸ்கூலே வேணாம்னு சொன்னா நாங்க எங்க சார் போறது?” என்றார். கோபமே இல்லை. தெரியாமல் வழி கேட்கிற குரல். ‘அந்தப் பக்கம் போங்க’ என்று நான் ஏதாவது ஒரு திசையைக் காட்டுவேன் என்று காத்திருந்தார்.

அந்த வருஷம் எங்கள் தேர்ச்சி 96 சதவீதம். பாராட்டுச் சான்றிதழ் வந்தது. நோக்கம் என்று கேட்கிறீர்களே, அந்தச் சான்றிதழை இன்றுவரை நான் சட்டம் போட்டு மாட்டவில்லை.

ஆம்பூர் ஷூ லைன்

வாத்தியார் ஐயா, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் சதவீதத்தை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். 2024-ல் பத்தாவது தேர்ச்சியில் வேலூர் மாவட்டம் மாநிலத்திலேயே கடைசி. அந்த எண்ணுக்குள் பெயில் ஆன பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு சொல்லித் தராமல் உட்கார வைத்தால் அதுவும் வெளியே அனுப்புவது மாதிரிதான். டி.சி. கொடுக்காத வெளியேற்றம், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் உருது. மகள் உருது மீடியம். 2006-ல் வந்த தமிழ் கற்கும் சட்டத்தால் பத்தாவதில் தமிழ் கட்டாயத் தாள் ஆனது. கோர்ட்டில் விலக்கு வாங்கி எழுதியவர்கள் உண்டு. இவள் தமிழே எழுதுகிறேன் என்றாள். இந்த ஊரில் வேலைக்குப் போகிற பெண்ணுக்குத் தமிழ் எழுதத் தெரிய வேண்டாமா?

முதல் தடவை 32. மூன்று மார்க்கில் போச்சு. மறுநாள் தமிழம்மா வீட்டுக்கே வந்தார்கள். என் மனைவி பதறிப்போய்ப் பாய் விரித்தாள். அம்மா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்கள். இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் அதே சொல் உருது எழுத்தில், வலமிருந்து இடமாக. கோணல்மாணலாக, சின்னப் பிள்ளை எழுதின மாதிரி. மகளுக்காக அந்த அம்மா ஆறு மாதமாக எழுத்துக் கற்றுக்கொண்டிருந்திருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியாது. ‘ழ’வுக்கு உருதுவில் எழுத்து இல்லை. அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, “இதை மட்டும் நீ என் வாயைப் பார்த்துக் கத்துக்கணும்” என்றார்கள்.

துணைத் தேர்வில் 58.

ஐயா, அந்த ஏழு பேரில் ஒருவனுக்காவது இப்படி ஒரு நோட்டு போட்டிருக்கலாம். தப்பாக நினைக்காதீர்கள், கேட்காமல் இருக்க முடியவில்லை.

பீஞ்சமந்தை

நான் மலையாளி என்ற பழங்குடிச் சமூகம், ஜவ்வாது மலை. உண்டு உறைவிடப் பள்ளியில் பத்தாவது முடித்துவிட்டுப் பதினொன்றுக்குக் கீழே இறங்கினேன். சாதிச் சான்று கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனால் அங்கிருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “இதுல வடஆற்காடு மாவட்டம்னு போட்டிருக்கு, அப்படி ஒரு மாவட்டமே இல்லையே” என்றார். மூன்று தடவை திருப்பி அனுப்பினார்.

பழங்குடிப் பட்டியலில் எங்கள் பெயரோடு மாவட்டப் பெயர்களும் வரும். தர்மபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி. எல்லாம் பழைய மாவட்டக் கணக்கு. எங்கள் தலைமையாசிரியர் அந்த வரியை அப்படியே கையால் எழுதி, கீழே மாவட்டம் எந்தெந்த வருஷம் எப்படிப் பிரிந்தது என்று ஒரு படமும் போட்டுக் கொடுத்தார். சேர்க்கைக்குக் கடைசி நாள் மதியம் அதை அந்த அலுவலக ஆளிடம் நீட்டினேன். அவர் படித்து முடிக்கும்வரை சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மலரில் அச்சிட வேண்டுமானால் நகல் தருகிறேன்.

கல்வெட்டு

காமராசர் பெயரை எழுதும்போது கூடவே அந்தக் காலத்து ஊர்க்காரர்களையும் எழுதுங்கள். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கின. பிறகு ஜில்லா ஜில்லாவாக நடந்தது. அரசிடம் பணம் இல்லை, ஊரே பெஞ்சும் மணியும் கடிகாரமும் கொடுத்தது.

நான் படித்த பள்ளி வராந்தாவில் கொடையாளர் பெயர்ப் பலகை ஒன்று உண்டு. நிலம் கொடுத்தவர், கிணறு வெட்டிக் கொடுத்தவர் என்று வரிசையாகப் போய், கடைசியில் ‘தண்ணீர்ப் பானை 2’ என்று ஒரு பெண்ணின் பெயர். தகப்பன் பெயர், கணவன் பெயர், சாதி எதுவும் இல்லை, வெறும் பெயர். போன வருஷம் டைல்ஸ் ஒட்டினார்கள். பலகை டைல்ஸுக்கு உள்ளே போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது சிமெண்ட் காயவில்லை, கையால் தொட்டால் ஒட்டியது.

குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் வாலாஜாப்பேட்டையில் படித்தார் என்பதை எல்லாரும் எழுதுவார்கள், எழுதட்டும். தண்ணீர்ப் பானையை யாராவது எழுதுங்கள்.

கணக்கு வாத்தியார் (ஓய்வு)

ஆம்பூர் தம்பி சொன்னது சரி. ஏழு பேரில் ஒருவனுக்குக்கூட நான் நோட்டுப் போடவில்லை. அதற்குப் பதில் கிடையாது.

ஆனால் இங்கே பெற்றோர் யாராவது படித்தால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். டி.சி. என்பது நீங்கள் விண்ணப்பம் எழுதிக் கேட்டால்தான் வரும். நீங்கள் கேட்காமல் ‘வாங்கிக்குங்க’ என்று யாராவது சொன்னால், “காரணத்தை எழுத்தில் கொடுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். எழுத மாட்டார்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று முன்பே எழுதி நீட்டினால் அதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், வாசிக்கத் தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்தது, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2022-ல் மாநிலம் முழுக்கத் திரும்ப அமைத்தார்கள். கூட்டத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வராதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: போன வருஷம் ஒன்பதில் எத்தனை பேர், இந்த வருஷம் பத்தில் எத்தனை பேர், குறைந்தவர்கள் எங்கே? மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் திணறும். அதை நோட்டில் எழுத வையுங்கள். தேர்ச்சி சதவீதம் பத்தாவது எழுதியவர்களை வைத்துப் போடுகிற கணக்கு. ஆறாவதில் சேர்ந்தவர்களை வைத்துப் போட்டால் வேறு எண் வரும். நான் கணக்கு வாத்தியார், எனக்கு அது முதல் நாளே தெரியும்.

கணக்கில் பின்தங்கிய பிள்ளை என்றால், பெருக்கல் வாய்ப்பாடும் பின்னமும் மட்டும் இரண்டு மாதம் பாருங்கள். பத்தாவது கணக்கில் விழுகிற பிள்ளை பெரும்பாலும் ஐந்தாவது கணக்கில்தான் விழுந்திருக்கும். சத்துவாச்சாரி பக்கம் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்புங்கள். காசு வேண்டாம்.

பாலாற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. தறிவீட்டுத் தங்கச்சி சொன்னபடி பதிவேட்டை எண்ணச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சரி என்றார்கள். பீஞ்சமந்தைத் தம்பி, நகல் கட்டாயம் வேண்டும்.

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். “நைனா, ரிஜிஸ்டரைப் பார்த்தேன்” என்றேன். தட்டிலேயே கை கழுவிக்கொண்டிருந்தவர் சொம்பைக் கீழே வைத்தார்.

“அந்தக் கோடு இன்னும் கீதா?”

இருக்கிறது என்றேன். கீழே சிவப்பு மையில் திரும்ப எழுதியிருக்கிறது என்றும் சொன்னேன்.

“அது எனக்குத் தெரியாதே. மறுபடி சேர்த்துக்கிட்டாங்கன்னு தெரியும், எழுதுனத நான் பாக்கல.” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: அந்த ஜனவரி மாதம் வகுப்பில் பெயர் வாசிக்கும்போது இவருடைய பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்களாம். ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். மதியம் மணி அடிக்கும்வரை யாரும் எழுந்து போ என்று சொல்லவில்லை, அதனால் போகவில்லையாம்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். அப்பா இப்போதே வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.