கேனான் பி-க்கு பழைய 50 மி.மீ. லென்ஸ், எத எடுக்கலாம்?

செவ்வாப்பேட்டை 35:
வணக்கம்ங்க. சித்தப்பா கிட்டருந்து கேனான் பி ரேஞ்ச்ஃபைண்டர் (ரெட்டையா தெரியற உருவத்த ஒண்ணு சேத்து ஃபோகஸ் பண்ற ஃபிலிம் கேமரா) பாடி மட்டும் கைக்கு வந்துருக்கு, ஷட்டர் நல்லா ஓடுது, லென்ஸ் தான் இல்ல. எம்39 திருகு மவுண்ட். ஒரே ஒரு 50 தான் வாங்க முடியும், ரொம்ப நாளைக்கு அதுவே தான் மாட்டியிருக்கும். நான் எடுக்கறது ரெண்டு விஷயம், ஒண்ணு எங்க தெரு கொலுசுப் பட்டறைங்க, டியூப்லைட் வெளிச்சத்துல உக்காந்து கொலுச பத்த வச்சு ஒட்டறவங்க முகமும் கையும், இன்னொண்ணு பஸ் புடிச்சு ஏற்காடு ஏறுனா மூடுபனியில நிக்கற சில்வர் ஓக் மரங்க. ஃபிலிம் 400 ஐஎஸ்ஓ கருப்பு வெள்ளை. பாத்து வச்சிருக்கறது ஜூபிடர் 8, கேனான் எஃப் 1.8, இண்டஸ்டார் 22, எல்மார் 3.5. எல்மார் மேல தான் ரொம்ப ஆசை, சின்னதா அவ்ளோ அழகா இருக்கு. எது சரிப்படும்?

ஏற்காட்டு மேல்ரோடு:
எல்மாரும் இண்டஸ்டார் 22ம் பட்டறைக்கு ஆகாதுங்க, ரெண்டும் எஃப் 3.5, எஃப் எண் பெருசானா உள்ள வர்ற வெளிச்சம் கம்மி. டியூப்லைட்டுல எஃப் 2க்கு 1/30 வருதுன்னா எஃப் 3.5க்கு அது 1/10 ஆயிடும், பத்த வைக்கற கை அசையும், உங்க கையும் அசையும். மலைக்கு மட்டும்னா எல்மாரே போதும்னு சொல்லிருப்பேன்.

என் ஓட்டு ஜூபிடர் 8, அது எஃப் 2. நான் இங்க தோட்டத்துல தான் இருக்கேன், பனி எறங்குனா வானம் தரை எல்லாம் ஒரே வெள்ளை, அந்த வெள்ளை நாலாபக்கமும் லென்சுக்குள்ள பூந்து கருப்ப சாம்பலாக்கிடும். ஜூபிடர்ங்கறது லுட்விக் பெர்டெலே 1930கள்ல ஜைஸ் கம்பெனிக்கு போட்ட சோன்னார் டிசைன், போருக்கப்புறம் சோவியத்துல செஞ்சாங்க. ஆறு கண்ணாடிய மூணு கூட்டமா ஒட்டியிருக்கும், காத்து படற பரப்பு ஆறே ஆறு. கேனான் 1.8ல எட்டு. பரப்பு கொறஞ்சா உள்ளுக்குள்ள எதிரொளிப்பும் கொறையும், மரத்தண்டு கருப்பாவே நிக்கும். விலையும் கம்மி.

பழைய கண்ணாடி:
மேல்ரோட்டுக்காரர் பனிக்கு சொன்னது சரி. ஆனா தம்பி மொதல்ல கேட்டது பட்டறைய, அங்க ஜூபிடர் கால வாரும். அதோட ஃபோகஸ் காண்டாக்ஸ் கேமரா கணக்குல 52.4 மி.மீ. குவியத்தூரத்துக்கு வச்சது, கேனான் பி எதிர்பாக்கறது லைக்கா கேமரா கணக்கு 51.6. தூரத்துல வித்தியாசமே தெரியாது. ஒரு மீட்டர்ல முழுசா தெறந்து எடுத்தா தான் தெரியும், எஃப் 2ல அந்த தூரத்துக்கு கூர்மையா நிக்கறதே முன்ன பின்ன சேத்து அஞ்சு சென்டிமீட்டர் தான், நீங்க கண்ணுல ஃபோகஸ் வச்சிருப்பீங்க கூர்மை வேற எங்கயோ போய் உக்காந்திருக்கும். ஷிம் (உள்ள வைக்கற மெல்லிசு வளையம்) மாத்தி கிட்டத்துக்கு சரி பண்ணலாம், அப்ப தூரத்து ஃபோகஸ் போயிடும்.

கேனான் 1.8 எடுங்க, ஆனா டார்ச் அடிச்சு பாக்காம எடுக்காதீங்க. இந்த லென்சுல நடுவுல தெறந்து மூடற அப்பர்ச்சர் இதழுக்கு பின்னாடி இருக்கற கண்ணாடியில மூச்சு விட்ட மாதிரி ஒரு மங்கல் புடிக்கும், சும்மா பாத்தா பளிச்னு தான் இருக்கும். முழுசா தெறந்து வச்சு பின்பக்கத்துலருந்து டார்ச்ச சாச்சு அடிச்சா தெரிஞ்சிடும். நூல் நூலா படந்திருந்தா அது ஃபங்கஸ், அத வாங்கி ஏற்காட்டு ஈரத்துக்கு கொண்டு போனா இன்னும் வளரும். எந்த லென்ஸ் பேரா இருந்தா என்ன தம்பி, உள்ள கண்ணாடி சுத்தமா இருக்கறது தான் வாங்கற லென்ஸ்.

செவ்வாப்பேட்டை 35:
ரொம்ப நன்றிண்ணா. ஒரு 1.8 பாத்தேன், விக்கறவரு 'லேசா ஹேஸ் இருக்கு, படத்துல தெரியாது'ங்கறாரு, நீங்க சொன்ன அந்த மங்கல் தான். க்ளீன் பண்ணிக்கலாமா?

பழைய கண்ணாடி:
படத்துல கண்டிப்பா தெரியும், அதுவும் பனியில. ஆரம்ப நிலைன்னா தொடச்சா போயிடும், நாள்பட்டதுன்னா கண்ணாடி மேல்பரப்பையே அரிச்சிருக்கும், அப்ப யார் தொடச்சாலும் போகாது. பிரிச்சு பாக்காம எதுன்னு சொல்ல முடியாது, அந்த ரிஸ்க்குக்கு நீங்க ஏன் காசு குடுக்கணும். டார்ச் வெளிச்சத்துல படம் கேளுங்க, குடுக்கலன்னா விட்டுடுங்க.

இருட்டறை அக்கா, அஸ்தம்பட்டி:
தம்பி, காசு கொஞ்சம் கூட போடலாம்னா கேனான் 50 எஃப் 1.4 பாருங்க, 1.8 அளவுக்கு அதுல அந்த மங்கல் தொல்லை கிடையாது, பட்டறையில முக்கா ஸ்டாப் வெளிச்சம் கூடவும் கிடைக்கும். இல்லன்னா சுத்தமான 1.8 போதும், நான் அதுல தான் எடுக்கறேன், முகத்துல வர்ற அந்த டோன் எனக்கு ரொம்ப புடிக்கும்.

இன்னொண்ணு யாரும் சொல்லல. இந்த லென்சுங்க ஒரு மீட்டருக்கு கிட்ட வராது, ஃப்ரேம்ல விழறது சுமார் 63க்கு 42 சென்டிமீட்டர். முகமும் கையும் சேந்து நல்லா வரும். கொலுசு கொக்கிய மட்டும் பெருசா எடுக்கணும்னா அதுக்கு எஸ்எல்ஆர் கேமரா தான்.

லென்ஸ் வந்ததும் பின்கதவ தெறந்து ஃபிலிம் ஓடற எடத்துல ட்ரேசிங் பேப்பர டைட்டா ஒட்டி, ஷட்டர் டயல 'B'ல (பல்ப், அமுக்கற வரைக்கும் தெறந்தே இருக்கும்) வச்சு ஷட்டர தெறந்து வச்சுக்கோங்க. மாடியிலருந்து சேர்வராயன் மலை விளிம்ப பாருங்க, அப்புறம் ஒரு மீட்டர்ல ஒரு மெழுகுவத்தி. ரேஞ்ச்ஃபைண்டர்ல ரெட்டையா தெரியற உருவம் ஒண்ணு சேரும்போது பேப்பர்லயும் கூர்மையா இருக்கணும். மலைக்கு ஹூட் (லென்ஸ் முன்னாடி மாட்டற வெளிச்ச மறைப்பு) கட்டாயம், 1.8க்கு 40 மி.மீ. திருகு, கடையில ஈஸியா கிடைக்கற 40.5 அதுல ஏறாது, பாத்து வாங்குங்க.