‘கஸ்மாலம்’: பொருளும் வழக்கும்

கேள்வி:
வணக்கம். 1960களின் வடசென்னையில் நிகழும் ஒரு சிறுகதையை எழுதி வருகிறேன். அதில் ரிக்‌ஷா இழுக்கும் பெரியவர் ஒருவர், வண்டிக்குக் குறுக்கே பாய்ந்த இளைஞனைப் பார்த்து, ‘கஸ்மாலம் வந்துட்டான்’ என்று திட்டுகிறார். சிறுவயதில் குளிக்காமல் சோற்றுத் தட்டின்முன் உட்கார்ந்தால் என் பாட்டி என்னை அப்படித்தான் அழைப்பார். இன்றைய பிள்ளைகளின் வாயில் இச்சொல்லைக் கேட்பது அரிதாகிவிட்டது. இதன் சரியான பொருள் என்ன? அச்சில் ஏற்றத் தகாத வசையா? பேமானி, பேஜார் ஆகியவற்றைப் போல இதுவும் உருது வழியாக வந்ததுதானா?

மறுமொழி 1:
தாராளமாக அச்சில் ஏற்றலாம். இது ஆபாசச் சொல் அன்று. அழுக்குப் பிடித்தவர், பார்க்கவே அருவருப்பூட்டுபவர் என்பதே பொருள். தங்கள் பாட்டியார் அதை அதன் இயல்பான இடத்திலேயே பயன்படுத்தியிருக்கிறார். தெருச் சண்டையில் அது பொதுவான இகழ்ச்சியாக விரிந்து, குளித்து முழுகி வெள்ளைச் சட்டை அணிந்து வந்தவரையும் விட்டுவைப்பதில்லை. ‘பேமானி’ அப்படிப்பட்டதன்று. நாணயமில்லாதவன் என்பது அதன் பொருளாதலால், பேசிய கூலியைத் தராமல் நழுவுகிறவனுக்கே அது பொருந்தும். குறுக்கே பாய்ந்தவனுக்குக் கஸ்மாலமே தகும்.

ஆனால் தங்கள் வாக்கியத்தில் ஒரு சிறு நெருடல் உண்டு. சனியன், பீடை, தரித்திரம் என்று ஒருவரைத் திட்டும்போது வினைமுற்றையும் அஃறிணையாக்கி, ‘சனியன் வந்துச்சு’ என்று சொல்வது நம் வழக்கம். திட்டப்படுபவர் ஆணா பெண்ணா என்பதுகூட அங்கே ஒரு பொருட்டன்று. கஸ்மாலமும் அந்த வரிசையைச் சேர்ந்ததே. உயர்திணையிலிருந்து ஆளை இறக்கிவிடுவதில்தான் வசையின் பாதிச் சுவை இருக்கிறது.

மறுமொழி 2:
பேமானியும் பேஜாரும் பாரசீக, உருது வழி வந்தவை என்பது சரியே. கஸ்மாலம் வடமொழிச் சொல். வில்லைக் கீழே போட்டுவிட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்த அர்ச்சுனனிடம், ‘குதஸ்த்வா கச்மலமிதம்’ என்று கண்ணன் கேட்பது கீதையின் இரண்டாம் அத்தியாயத்து இரண்டாம் சுலோகம். இந்த நெருக்கடியில் இக்கலக்கம் உன்னை எங்கிருந்து வந்தடைந்தது என்பது அதன் கருத்து. குருட்சேத்திரத்தில் மனக்கலக்கமாக இருந்த சொல், சென்னைக்கு வந்து சேர்வதற்குள் அழுக்காகத் தரம் இறங்கிவிட்டது.

மறுமொழி 3:
மேலே எழுதிய நண்பர் காட்டிய வேர் சரியானது. ஆனால் தரம் இறங்கிய பழியைச் சென்னையின் மீது சுமத்துவதை ஏற்க இயலவில்லை. வடமொழியிலேயே ‘கச்மல’ என்பதற்கு இரு பொருள்களும் உண்டு. அம்மொழியின் பழைய நிகண்டான அமரகோசம் அதை மூர்ச்சை, மோகம் ஆகியவற்றோடு சேர்த்துச் சொல்கிறது. மாசுடையது, இழிந்தது என்ற பொருளும் அம்மொழியில் வழங்கியதே. கன்னடத்தில் இன்றும் ‘கச்மல’ என்றால் மாசு. அது அங்கே நல்ல எழுத்து வழக்குச் சொல். மலையாளத்தில் ஆண்பால் விகுதி பெற்று, ‘கச்மலன்’ என்று கயவனைக் குறிக்கிறது. அவர்கள் திட்டும்போதும் ஆளை ஆளாகவே விட்டுவைத்திருக்கிறார்கள், நாம்தான் அஃறிணையாக்கினோம். மற்றபடி, சென்னை செய்தது நடு உயிரை நீட்டி, ‘மலம்’ என்பதை ‘மாலம்’ ஆக்கியது மட்டுமே. இழுத்துத் திட்டுவதற்கு அந்த நெடில் வசதியாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பாட்டியும், ‘கஸ்மாலம், எழுந்து போய்க் குளிச்சுட்டு வா’ என்று என்னை விளித்ததோடு நிற்காமல், நான் திரும்பி வரும்போது, ‘வந்துடுச்சு’ என்றே மற்றவர்களிடம் சொல்வார் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ரிக்‌ஷாக்காரரின் வசனத்தை, ‘வந்துச்சு பார் கஸ்மாலம்’ என்று மாற்றிவிட்டேன்.