மே மாதம் தும்ம ஆரம்பித்த ஃபஸ் பெடல்

கிட்டார் ஒலியை மாற்ற காலால் மிதிக்கிற பெட்டிதான் பெடல்; கிட் வாங்கி நான் கட்டிய மூன்றாவது பெடலின் கதை இது. முதலில் கட்டிய, சத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் ஒரே ராத்திரியில் முடிந்தது. அடுத்தது டியூப் ஸ்க்ரீமர் என்ற பிரபல பெடல் மாதிரி, ஒலியை லேசாகக் கரகரக்க வைக்கும் ஓவர்டிரைவ், அதில் 4558 ஐசியைத் தலைகீழாகச் செருகிவிட்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். சாக்கெட் போட்டிருந்ததால் ஐசி விலையோடு போயிற்று.

மூன்றாவது ஃபஸ், ஒலியை இன்னும் முரட்டுத்தனமாகக் கிழிப்பது. 1966இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலின் சர்க்யூட்தான், ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இரண்டு, ரெசிஸ்டர் நான்கு, கெப்பாசிட்டர் மூன்று, இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மார்கழியில் மஞ்சக்குப்பம் வீட்டு மாடியில் கட்டி முடித்து, இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் மீட்டரை வைத்தால் 4.5 வோல்ட், 9 வோல்ட் பேட்டரியில் சரிபாதி, கனகச்சிதம்.

அக்னி நட்சத்திரத்தில் பாண்டிச்சேரியில் ஒரு மொட்டை மாடியில் வாசிக்கப் போனோம். சாயங்காலம் ஐந்து மணி, மேலே தகரக் கூரை, பெடலை மிதித்தால் நோட்டு ‘ப்ர்ர்’ என்று தும்மிவிட்டு பாதியில் அறுந்துபோகிறது. “பேட்டரி செத்துடுச்சாடா?” என்றான் டிரம்மர். மாற்றினேன், அதே தும்மல். ராத்திரி கடலூர் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து அந்தப் புழுக்கத்திலேயே திறந்து அளந்தால் கலெக்டரில் ஏழு வோல்ட்டுக்குப் பக்கம். விடியற்காலையில் அளந்தேன், இறங்கியிருந்தது!

திருப்பாதிரிப்புலியூரில் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், இப்போது மிக்சியும் ஃபேனும்தான் பார்க்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். “ஏசி 128ஆ தம்பி? பாக்கெட் ரேடியோல எல்லாம் இதானே” என்று ஒரு பவுடர் டப்பாவைக் கவிழ்த்தார், பழைய ரேடியோக்களில் கழற்றிய டிரான்சிஸ்டர்கள். ஒன்றை எடுத்து, பேஸ் காலை விட்டுவிட்டு மற்ற இரண்டு காலிலும் முள் மீட்டரை மாட்டினார். முள் லேசாக எழுந்து நின்றது. அப்புறம் அதன் தகரத் தொப்பியை இரண்டு விரலால் பிடித்தார். முள் மெதுவாக, யாரோ தள்ளுகிற மாதிரி ஏறிக்கொண்டே போனது.

“கைச்சூட்டுக்கே இப்படி கரண்ட் லீக் ஆவுது, வெயில்ல எப்படி நிக்கும்?”

டப்பாவில் இருந்த பதினாலில், முள் குறைவாக ஏறிய இரண்டைப் பொறுக்கிக் கொடுத்தார். அந்தக் கலெக்டர் பக்கத்து 8.2கே (கிலோ ஓம்) ரெசிஸ்டரைக் கழற்றி அங்கே 20கே டிரிம்பாட், அதாவது திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர், போட்டேன், பெட்டியில் ஒரு ஓட்டை, ஸ்குரூடிரைவரை விட்டுத் திருப்பி வெயிலுக்குத் தகுந்தபடி 4.5க்குக் கொண்டுவரலாம். காசு வாங்கவில்லை, வாசித்துக் காட்டச் சொன்னார். குட்டி ஆம்பைத் தூக்கிக்கொண்டு போய் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “ஸ்பீக்கர் கிழிஞ்ச மாதிரி இருக்கே, இதுக்கா தம்பி இவ்ளோ பாடு?” என்றார்.

* * *

லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர் எழுதியது:

அண்ணா, இதே ஃபஸ்தான் எனக்கும் தண்ணி காட்டியது. இதில் இருப்பது பிஎன்பி வகை டிரான்சிஸ்டர், அதனால் இந்தச் சர்க்யூட்டில் கிரவுண்டு பிளஸ் பக்கம். அது தெரியாமல் மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்துவிட்டேன். ஒன்றுக்குக் கிரவுண்டு பிளஸ், இன்னொன்றுக்கு மைனஸ், நடுவில் கிட்டார் கேபிளின் வெளிக்கம்பி இரண்டையும் சேர்த்துவிட்டது, அடாப்டர் நேரே ஷார்ட். மொத்த பெடல்போர்டும் இருட்டு. நல்லவேளை அடாப்டரோடு போனது. இப்போது ஃபஸ்ஸுக்கு மட்டும் தனியாக 9 வோல்ட் பேட்டரி, வாசித்து முடித்ததும் இன்புட் ஜாக்கைப் பிடுங்க மறந்தால் அதுவும் வடிந்துவிடுகிறது.

அந்தப் பெரியவர் கடை இன்னும் இருக்கிறதா? எனக்கும் இரண்டு வேண்டும்.

* * *

இருக்கிறது தம்பி. காலையிலேயே போய்விடு, வெயில் ஏறிவிட்டால் டப்பாவில் இருக்கிற அத்தனையும் லீக் காட்டும்.