வெளிநாட்டில் பேரிடர் வந்தால் கள மருத்துவமனையில் வேலை செய்ய நேராகப் போகலாமா?

செம்பூர் நர்ஸ்:

வணக்கம். மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், படிப்பு முடித்து ஆறு வருடம் ஆகிறது. 2025 மார்ச் மாத மியன்மார் நிலநடுக்கத்தின்போது நேபிடோவில் நோயாளிகளை மருத்துவமனைக்கு வெளியே படுக்கவைத்து டிரிப் ஏற்றிக்கொண்டிருந்த காட்சிகளை டியூட்டி ரூமில் எல்லோரும் பார்த்தோம். எனக்கு அந்த எண்ணம் அதற்கப்புறம் போகவே இல்லை. அடுத்த முறை எங்காவது இப்படி நடந்தால், பேரிடர் நடந்த இடத்தில் கூடாரம் போட்டு நடத்தும் கள மருத்துவமனையில் போய் வேலை செய்ய வேண்டும். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, டிக்கெட்டை நானே போட்டுக்கொள்வேன், மகளை அம்மா பார்த்துக்கொள்வார். நேராகப் போய் இறங்கினால் சேர்த்துக்கொள்வார்களா? ஐசியூ அனுபவம் அங்கே உதவுமா? போய் வந்தவர்கள் உண்மை நிலவரம் சொல்லுங்கள்.

மாட்டுங்கா மயக்க டாக்டர்:

சிஸ்டர், தனியாக டிக்கெட் போட்டுக்கொண்டு போகவே போகாதீர்கள். இடிந்து கிடக்கும் ஊரில் சாப்பாடு, தண்ணீர், தங்க இடம், வண்டி எல்லாமே தட்டுப்பாடு. எந்தக் குழுவிலும் இல்லாமல் வந்து நிற்பவருக்கு அதெல்லாம் அந்த ஊர்க்காரர்களின் பங்கிலிருந்துதான் போகும். 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைட்டியில் நடந்தது இதுதான். உலகம் முழுக்க இருந்து குழுக்கள் குவிந்தன, நல்ல மனசோடு போனவர்கள்தான், ஆனால் சில குழுக்களுக்குத் தகுந்த பயிற்சி இல்லை, செய்த ஆபரேஷனுக்கு ஒழுங்கான குறிப்பு இல்லை, கால் எடுக்கப்பட்டவரை அடுத்து யார் பார்ப்பது என்று ஏற்பாடு செய்யாமலே திரும்பியும் விட்டார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு, 2013இல் உலக சுகாதார நிறுவனம் இப்படிப்பட்ட குழுக்களை வகை பிரித்துக் குறைந்தபட்சத் தரம் வைத்தது. ஓபி மட்டும் பார்க்கும் முதல் வகை ஓரிடத்தில் கூடாரம் போட்டால் நாளைக்கு 100 பேரையாவது பார்க்க முடிய வேண்டும். இரண்டாம் வகை என்றால் ஆபரேஷன் தியேட்டரும் 20 படுக்கையும், நாளைக்கு 7 பெரிய ஆபரேஷனாவது செய்யும் திறனும் வேண்டும். எந்த வகையானாலும் தண்ணீர், மின்சாரம், உணவு, மருந்து எல்லாம் தன்னுடையதாக இருக்க வேண்டும், அந்த நாட்டு அரசிடம் பதிவு செய்து அவர்கள் காட்டும் இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும்.

ஐசியூ அனுபவம் கண்டிப்பாக உதவும். காங்கிரீட்டுக்கு அடியில் பல மணி நேரம் நசுங்கிக் கிடந்த காலை விடுவித்தவுடன், செத்த தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயமே நின்றுபோகலாம், சிறுநீரகமும் அடைத்துக்கொள்ளலாம். வெளியே எடுக்கும் முன்பே சலைன் ஓட விடுவது, மணிக்கு மணி சிறுநீர் அளப்பது, இசிஜி மாறுகிறதா என்று கவனிப்பது, இதெல்லாம் உங்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் வெளிநாட்டுக் குழு போய்க் கூடாரம் போடுவதற்குள் அந்த முதல் சில நாட்கள் பெரும்பாலும் கடந்துவிடும். 2015 நிலநடுக்கத்தின்போது நேபாளத்துக்கு ஒரு குழுவோடு போயிருந்தேன், சிந்துபால்சோக் பக்கம். ஏகப்பட்ட எலும்பு முறிவு கேஸ்கள் காத்திருக்கும் என்று தயாராகப் போனோம். வரிசையில் நின்றவர்களோ பிரஷர், சர்க்கரை மாத்திரை இடிபாட்டுக்குள் போய்விட்டது என்ற பெரியவர்கள், சீழ் வைத்த பழைய காயங்கள், வயிற்றுப்போக்கு, நிறைமாத கர்ப்பிணிகள், தூக்கமே வராமல் உடம்பு முழுக்க வலி என்று சொன்னவர்கள். ஒரு நாள் முழுக்க டிரெஸ்ஸிங் மாற்றிவிட்டு டெட்டனஸ் ஊசி போடுவதுதான் வேலையாக இருக்கும். அதைச் சின்ன வேலை என்று நினைக்காத நர்ஸ்தான் அங்கே வேண்டும்.

ஆர்.கே.புரம் முன்னாள் ராணுவம்:

டெல்லியிலிருந்து எழுதுகிறேன், ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நம் அரசு அனுப்பும் கள மருத்துவமனை பெரும்பாலும் ராணுவத்துடையது. ஆக்ராவில் இருக்கும் 60 பாரா கள மருத்துவமனை என்ற பிரிவுதான் 2023 நிலநடுக்கத்தின்போது துருக்கியின் இஸ்கந்தரூனில் 99 பேரோடு போய் 30 படுக்கை போட்டது, 2025இல் மியன்மாரின் மண்டலேக்கு 118 பேர் போனார்கள். 1950களில் கொரியப் போருக்குப் போன அதே பிரிவு. அதில் சிவிலியன் தன்னார்வலராகச் சேர வழி இல்லை, அதனால் அந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம் அம்மா.

உங்களைப் போன்றவர்களுக்கு வழி அமைப்புகள்தான். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு டெல்லியில் அலுவலகம் இருக்கிறது, குறைந்தது 2 வருட வேலை அனுபவம் கேட்பார்கள், அது உங்களுக்கு இருக்கிறது. அறுவை நிபுணர், மயக்க மருத்துவர்களைச் சில வாரங்களுக்கும் எடுப்பார்கள். நர்ஸுக்குப் பெரும்பாலும் பல மாதப் பணி, வீட்டில் அதைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். மும்பையிலேயே டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது, 2007இல் தொடங்கியது. எதில் சேர்ந்தாலும் பேரிடர் வருவதற்கு முன்பே பெயர் கொடுத்துப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், செய்தி பார்த்துவிட்டுப் போன் செய்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று. கள மருத்துவமனையை ஓட வைப்பதில் டாக்டருக்குச் சமமாக ஜெனரேட்டர் பார்ப்பவர், தண்ணீர் சுத்திகரிப்பவர், எக்ஸ்ரே டெக்னீஷியன், ஸ்டோர் கணக்கு வைப்பவர், சமையல்காரர் எல்லோரும் முக்கியம். கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குக் கரண்ட் இல்லை என்றால் எவ்வளவு பெரிய சர்ஜனும் கத்தியைத் தொட முடியாது.

தாராவி மருந்தாளுநர்:

அக்கா, நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். போவதற்கு முன்னால் மும்பை மழையில் ஒரு சீசனாவது மருத்துவ முகாம்களில் வேலை செய்யுங்கள். 2005 ஜூலை 26இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மிமீ கொட்டியது. வெள்ளம் வடிந்த பிறகு எலிக் காய்ச்சல் பரவி இன்னும் உயிர்கள் போயின. இடுப்பளவு தண்ணீரில் நடந்தவருக்கு எலிக் காய்ச்சலைத் தடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரை யாருக்கு, யாருக்குக் கூடாது, காய்ச்சலோடு கண் மஞ்சளாக வந்தால் எங்கே அனுப்புவது, இதை இங்கே நம் சந்துகளில் கற்றுக்கொள்ளலாம். வெள்ளம் வந்த எந்த நாட்டிலும் இதுதான் தேவைப்படும்.

மொழியையும் யோசியுங்கள். 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் இலங்கையை அடித்தபோது பதுளை, நுவரெலியா பக்கம் மண் சரிந்தது, அங்கே தோட்டத் தமிழர்கள் நிறையப் பேர். இந்தியக் கள மருத்துவமனை மகியங்கனையில் இருந்தது. அந்த மாதிரி இடத்தில் 'நெஞ்சு படபடங்குது' என்று ஒரு பாட்டி சொன்னால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் உடனே புரிந்துகொள்ளும் நர்ஸ் எவ்வளவு பெரிய உதவி!

செம்பூர் நர்ஸ்:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. டிக்கெட் யோசனையை விட்டுவிட்டேன். மழைக்கு முன்னால் முகாம்களுக்குப் பெயர் கொடுக்கிறேன், டெல்லி அலுவலகத்துக்கும் விண்ணப்பிக்கிறேன். இன்னும் ஒரே கேள்வி: தடுப்பூசி என்னென்ன போட்டிருக்க வேண்டும்? லீவுக்கு மருத்துவமனையிடம் எப்போது பேசுவது?

மாட்டுங்கா மயக்க டாக்டர்:

ஹெபடைட்டிஸ் பி ஏற்கெனவே போட்டிருப்பீர்கள், ஆன்டிபாடி அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். டெட்டனஸ் பூஸ்டர், டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ போடுங்கள், மற்றவை போகும் நாட்டைப் பொறுத்து. லீவைப் பற்றி இப்போதே நர்சிங் சூப்பரின்டெண்டென்டிடம் பேசி எழுத்தில் வாங்குங்கள். அழைப்பு வந்தால் ஓரிரு நாளில் கிளம்ப வேண்டியிருக்கும், பாஸ்போர்ட்டும் நர்சிங் கவுன்சில் பதிவும் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகாமில் ஆள் தேவைப்பட்டால் சயானில் எனக்குத் தெரிந்த ஒரு குழு இருக்கிறது, தனிச் செய்தியில் விவரம் அனுப்புகிறேன்.