சின்னத் துளை வழியாக முதுகுத்தண்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சொல்லுங்களேன்

நானே ஆரம்பிக்கிறேன். எனக்கு எல்5-எஸ்1, அதாவது இடுப்பு முதுகெலும்பின் கடைசி எலும்புக்கும் அதன் கீழுள்ள எலும்புக்கும் நடுவில் இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி இடது கால் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. முதுகு அவ்வளவாக வலிக்கவில்லை, புட்டத்தில் தொடங்கி தொடையின் பின்பக்கமாகச் சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடித்தது மாதிரி சுண்டி இழுக்கும், தும்மினால் உயிர் போகும், உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்ட நாட்கள் உண்டு. மாத்திரை, பிசியோதெரபி, நரம்பு வேர் பக்கத்தில் ஒரு ஸ்டீராய்டு ஊசி என்று 10 வாரம் ஓட்டினேன். ஊசி 3 வாரம் கேட்டது, அப்புறம் பழையபடி.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள் என்று டாக்டரிடம் கேட்டதும் ஒரு குழாயையே எடுத்துக் காட்டினார். கட்டைவிரல் பருமன்தான். நடுமுதுகுக் கோட்டுக்குச் சற்று ஓரமாக 2 சென்டிமீட்டர் கீறி, முதலில் மெல்லிய குழாய், அதன் மேல் கொஞ்சம் பெரியது, அதன் மேல் இன்னும் பெரியது என்று ஒன்றன்மேல் ஒன்றாக நுழைத்துத் தசையை வெட்டாமல் விலக்கியே வழி பண்ணிவிடுவார்களாம். கடைசிக் குழாய்க்குள் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து, பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பார்கள், முழு டிஸ்க்கையும் அல்ல. பழைய முறையில் எலும்பை ஒட்டிய தசையைப் பிரித்து அகலமாக விரித்து வைப்பார்கள், ஆபரேஷனுக்கு அப்புறம் வருகிற முதுகுவலிக்கு அதுவும் ஒரு காரணம் என்றார்.

மயக்கம் தெளிந்ததும் காலைத்தான் முதலில் அசைத்துப் பார்த்தேன். இழுப்பு இல்லை. அன்று மாலையே நடந்தேன், மறுநாள் வீடு. வினை அப்புறம்தான். பிளாஸ்டரைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று தைரியம் வந்து, 12-ஆம் நாள் குனிந்து ஈரத்துணி வாளியைத் தூக்கினேன். அதே கால், அதே இழுப்பு! ஆறியிருந்தது வெளித் தோல் மட்டும்தான், டிஸ்க் உறையில் இருந்த கிழிசல் ஆற வாரக்கணக்காகும். நல்லவேளை, எம்.ஆர்.ஐ.யில் மறுபடி பிதுங்கவில்லை, நரம்பைச் சுற்றி வீக்கம்தான். நூற்றில் 5, 10 பேருக்கு அதே இடத்தில் திரும்பவும் பிதுங்குமாம், அதற்குப் பிறகு 6 வாரம் கீழே விழுந்த பேனாவைக்கூட நான் எடுக்கவில்லை.

*

எங்கள் அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை வேறு. அவருக்கு ஜவ்வு இல்லை, நரம்பு போகும் கால்வாயே சுருங்கிவிட்டது. ஐம்பது அடி நடந்தால் இரண்டு காலும் கனத்துப்போய் உட்கார்ந்துவிடுவார், தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி போனால் மட்டும் எவ்வளவு தூரமும் நடப்பார். பெரிதாகத் திறந்தால் புண் ஆறுமா, சீழ் பிடிக்குமா என்பதுதான் எங்கள் கவலை. ஒரு பக்கத்துத் துளை வழியாகவே குழாயைச் சாய்த்து இரண்டு பக்கமும் நரம்புக்கு இடம் பண்ணிவிட்டார்கள், ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. முதல் ராத்திரி மயக்க மருந்தின் மிச்சத்தில் என்னையே யார் என்று கேட்டார், அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் என் கையை உதறிவிட்டுத் தானே பாத்ரூம் போனார். ஒன்று சொல்ல வேண்டும், பாதத்தில் மரமரப்பு 7 மாதமாகியும் போகவில்லை. வலி போகிற வேகத்தில் மரமரப்பு போகாது என்று முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

*

நான் கத்தி வரைக்கும் போகவில்லை. தேதி குறித்த பிறகு வலி தானாகக் குறையத் தொடங்க, டாக்டரே தள்ளிப்போடச் சொன்னார். 6 மாதம் கழித்து எடுத்த படத்தில் பிதுங்கிய ஜவ்வுத் துண்டு பாதியாகச் சுருங்கியிருந்தது. உறையைக் கிழித்து வெளியே வந்த பெரிய துண்டுகள்தான் பெரும்பாலும் இப்படிச் சுருங்குமாம், கேட்க விசித்திரமாக இருந்தது. ஆனால் பாதம் தொங்கிப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, மறைவிடத்தைச் சுற்றி உணர்வு மரத்தாலோ காத்திருக்கவே கூடாது, அது அன்றைக்கே ஓட வேண்டிய விஷயம்.

*

ஆபரேஷனில் எனக்கு நரம்புகளைச் சுற்றியுள்ள உறை லேசாகக் கிழிந்து உள்ளிருந்த தண்டுவட நீர் கசிந்தது. 2 நாள் மல்லாந்தே படுக்கை, தலையைத் தூக்கினால் மண்டை பிளக்கும், அப்புறம் சரியாகிவிட்டது. சின்னத் துளை என்றால் இதெல்லாம் வராது என்று நினைத்திருந்தேன். இன்னொன்று, ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் கால்வலி விஷயத்தில் திறந்து செய்தவருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று என் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். லாபமெல்லாம் முதல் சில வாரங்களில்தான். எனக்கு அந்தச் சில வாரங்கள் போதும், வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

*

முதல் பதிவு போட்டவன்தான். தனிச்செய்தியில் கேட்டவருக்கு: ஆமாம், ஷூ லேஸை 6 வாரமும் வீட்டில் உள்ளவர்கள்தான் கட்டிவிட்டார்கள்.