தாயின் செல்லா, சேயின் செல்லா? கணினி உயிரியல் பணியில் நேர்ந்த சந்திப்புகள்

புள்ளியியல் படித்துவிட்டு நோயெதிர்ப்பியல் ஆய்வுக்குள் வந்தவள் நான். இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக் குழுவில், நஞ்சுக்கொடியும் கருப்பையின் உட்சவ்வும் ஒன்றையொன்று தொடும் இடத்திலுள்ள செல்களின் ஆர்என்ஏ தரவுகளை, அதாவது எந்தச் செல்லில் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று காட்டும் தரவுகளை, பகுத்தாய்வது ஒன்பது ஆண்டுகளாக என் வேலை. பணியில் மறக்க முடியாத சந்திப்புகளை எழுதுமாறு கேட்டிருந்தீர்கள். என் வேலையையே மாற்றிய இரண்டைச் சொல்கிறேன்.

முதல் ஆண்டின் முடிவில், எங்கள் தரவில் சில நூறு செல்கள் மட்டும் தனிக் கூட்டமாகப் பிரிந்து நின்றன. மேக்ரோஃபேஜ் எனும் நோயெதிர்ப்புச் செல்லுக்குரிய மரபணுக்களும், நஞ்சுக்கொடியின் மேற்பரப்புக்குரிய மரபணுக்களும் அவற்றில் ஒருசேர வெளிப்பட்டிருந்தன. புதிய செல் வகையைக் கண்டுவிட்டதாக நம்பி, குழுக் கூட்டத்துக்கான படங்களையும் வரைந்து முடித்திருந்தேன். திசுவைக் கழுவிப் பிரித்துத் தரும் மூத்த ஆய்வக அலுவலர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவை தாயின் செல்களா, குழந்தையின் செல்களா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அன்று மாலையே இருவரும் சேர்ந்து பார்த்தோம். அந்த மாதிரியில் இருந்தது ஆண் கரு. ஆகவே ஒய் குரோமோசோம் மரபணுக்களின் ஆர்என்ஏ கருவின் செல்களில்தான் இருக்க வேண்டும். பெண்களின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை அடக்கிவைக்கும் எக்ஸிஸ்ட் மரபணுவின் ஆர்என்ஏ தாயின் செல்களில்தான் இருக்க வேண்டும். நான் கண்ட 'புதிய' செல்களிலோ இரண்டும் இருந்தன. தாயின் மேக்ரோஃபேஜ்களின் மேல் நஞ்சுக்கொடியின் துணுக்குகள் ஒட்டியிருந்தன, அவ்வளவுதான். பின்னர் 2021இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், நஞ்சுக்கொடியின் சொந்த மேக்ரோஃபேஜ்களான ஹாஃப்பாவர் செல்களோடு தாயின் மேக்ரோஃபேஜ்களும் கலந்துவிடுவதையும், முதல் மூன்று மாதங்களில் எச்எல்ஏ-டிஆர் என்னும் புரதத்தைக் கொண்டு அவற்றைப் பிரித்தறிய முடியும் என்பதையும் விரிவாகக் காட்டியபோது, அந்த மாலைப் பொழுதுதான் என் நினைவுக்கு வந்தது.

எங்கள் துறையில் அந்தக் கேள்வியைத் தாண்டி எதையும் கேட்கவே முடியாது. பாதி தந்தையின் மரபணுக்களைக் கொண்ட கருவைத் தாயின் உடல் ஏன் நிராகரிப்பதில்லை என்று பீட்டர் மெடவார் 1953இல் எழுப்பிய வினாவிலிருந்து வளர்ந்த துறை இது. இயற்கைக் கொல்லி செல்கள் எனும் நோயெதிர்ப்புச் செல்களின் ஏற்பிகளை உருவாக்கும் தாயின் கேஐஆர் மரபணுக்கள் ஒருவகையாகவும், அந்த ஏற்பிகள் உணரும் அடையாளப் புரதத்தை உருவாக்கும் கருவின் எச்எல்ஏ-சி மரபணு வேறொரு வகையாகவும் அமையும் சில சேர்க்கைகளில், ப்ரீஎக்ளாம்ப்சியா எனும் கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது ஆபத்து தாயிடமும் இல்லை, சேயிடமும் இல்லை, இருவரின் பொருத்தத்தில் இருக்கிறது. இதைக் கணினியில் பிடிப்பது எளிதன்று. எச்எல்ஏ மரபணுக்களுக்கு உலக மக்களிடையே பல ஆயிரம் வடிவங்கள் உண்டு. கேஐஆர் மரபணுக்களின் எண்ணிக்கையே ஆளுக்கு ஆள் மாறும். வழக்கமான மென்பொருளோ எல்லோருடைய தரவையும் ஒரே ஒரு பொது மரபணுத் தொகுதியோடு ஒப்பிட்டு, பொருந்தாத ஆர்என்ஏ வரிசைத் துணுக்குகளை ஒதுக்கிவிடுகிறது. நாங்கள் தேடியதே அந்த ஒதுக்கப்பட்ட துணுக்குகளில்தான் இருந்தது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவற்றை மீட்டெடுப்பதிலேயே கழிந்தன. அவற்றை வீணான ஆண்டுகள் என்று நான் ஒருபோதும் கருதியதில்லை.

இரண்டாவது சந்திப்பு ஒரு பொதுக் கூட்டத்தில் நேர்ந்தது. மூன்று முறை கருச்சிதைவுற்ற ஒரு பெண், இரத்தத்தில் இயற்கைக் கொல்லி செல்கள் மிகுந்திருப்பதாகச் சொன்ன பரிசோதனை முடிவை என்னிடம் நீட்டினார். "பெயரிலேயே கொல்லி என்றிருக்கிறதே, என் உடல்தான் குழந்தைகளைக் கொன்றதா?" என்று கேட்டார். தொடக்கக் கர்ப்பத்தில் கருப்பை உட்சவ்விலுள்ள வெள்ளணுக்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு இச்செல்களே என்றும், அவை கருவைத் தாக்குவதில்லை என்றும், நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகளை விரிவாக்கத் துணைநிற்கின்றன என்றும் சொன்னேன். 2018இல் ஏறத்தாழ 70,000 செல்களை ஆராய்ந்து வெளியான கட்டுரை கருப்பையில் மட்டும் இவற்றின் மூன்று வகைகளைக் காட்டியதையும், இரத்தத்தில் ஓடுபவை இவற்றிலிருந்து வேறுபட்டவை என்பதையும் விளக்கினேன். அவர் வெகுநேரம் அழுதார். புற்றுச் செல்களைக் கொல்வதைக் கண்டு 1970களில் இட்ட பெயர், கருப்பையில் வேறு பணி செய்யும் செல்களுக்கும் ஒட்டிக்கொண்டது பெருந்தீங்கு என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். இரத்தத்தில் எடுத்த அந்த எண்ணை மட்டும் காட்டி ஸ்டீராய்டு போன்ற மருந்துகளைக் கொடுப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

மறுமொழி: சென்னையிலிருந்து

உங்கள் தலைப்பு எனக்கும் அப்படியே பொருந்துகிறது. செயற்கைக் கருத்தரிப்பில் கருக்களின் குரோமோசோம் எண்ணிக்கையைக் கணிக்கும் மென்பொருள் பணியில் இருக்கிறேன். ஐந்தாம் அல்லது ஆறாம் நாள் கருவின் புறப்படலத்திலிருந்து ஒரு சில செல்களே எடுக்கப்படுகின்றன. அந்தப் படலம் நஞ்சுக்கொடியாக வளர்வது, குழந்தையாக அல்ல. இதை ஏட்டில் படித்திருந்தாலும், கருவியலாளர் ஒருவர் என்னை நுண்ணோக்கியின் முன் அமர்த்திக் காட்டிய பிறகே, இயல்பான செல்லும் பிழையான செல்லும் கலந்த கருக்களை ஒரே எல்லைக்கோட்டால் தள்ளிவிடுவது எவ்வளவு பெரிய முடிவு என்று உணர்ந்தேன். அத்தகைய கருக்களை 18 பெண்களுக்குள் வைத்ததில் 6 ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்ததாக 2015இல் இத்தாலிய மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள்.

முட்டையைச் சூழ்ந்திருக்கும் தாயின் கியூமுலஸ் செல் ஒன்று மாதிரியில் ஒட்டிக்கொண்டாலும் முடிவு பிறழும். ஆண் கருவாயின் எக்ஸ், ஒய் விகிதத்திலிருந்து அதை ஐயுறலாம். ஆனால் இந்தியாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தை வெளிப்படுத்துவது குற்றம் என்பதால், அந்தக் குரோமோசோம்களின் படம் அறிக்கைக்குப் போகாதபடி மென்பொருளிலேயே மறைத்திருக்கிறோம். அந்தக் கட்டுப்பாடு இங்கே கட்டாயம் வேண்டும். பெண் கருக்களில் கலப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பதிவை எழுதியவர்:

தாயின் இரத்தத்திலும் மரபணு வரிசையை அறிந்துகொள்கிறோம். தாய்க்கு ஒருவிதமாகவும் கருவுக்கு வேறுவிதமாகவும் உள்ள ஓரெழுத்து மாற்றங்களை ஒவ்வொரு செல்லிலும் எண்ணினால், பெண் கருவிலும் செல் யாருடையது என்பது தெரிந்துவிடும். ஒரே செல்லில் கருவுக்குத் தந்தை வழியாக வந்த வடிவங்களும், கரு பெறாத தாயின் வடிவங்களும் சேர்ந்து நின்றால் அது கலப்பு. உங்கள் மாதிரிகளில் செல்கள் மிகக் குறைவு என்பதால் பல நூறு இடங்களைச் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கும். பெற்றோர் இருவரின் மாதிரியும் கிடைத்தால் நல்லது.